கொழுந்தனைப் பற்றி எடுத்த படம்

காலை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டு மாடி அறையில் ராத்திரியை உண்டாக்கினார்கள். வெளியே திருத்தங்கல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. படம் எடுக்க வந்தவர்களில் ஒருவர் மொட்டைமாடியிலிருந்து கருப்புத் துணியைத் தொங்கவிட்டு ஜன்னலை அடைத்தார். இன்னொருவர் கதவிடுக்கில் டேப் ஒட்டினார். சத்தம் பதிவாகிறது என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். உள்ளே கம்ப்யூட்டர் திரையின் நீல வெளிச்சத்தில் என் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. 'நைட்டு மூணு மணி. தூக்கம் வரல. ஒரு எரர் சரியாகவே மாட்டேங்குது. அப்படி நினைச்சுக்கிட்டு டைப் பண்ணுங்க' என்று படத்தின் இயக்குநர் சொன்னார். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுகிறவன் அவன். அத்தை, அதாவது என் மாமியார், அவன் தலையைத் தட்டித் தட்டித்தான் கடைசி உருண்டையைச் சாப்பிட வைப்பார். அது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனாலும் இயக்குநர் கேட்டதற்காக மூணு மணிக்குத் தூக்கம் வராத மனிதனாக அவன் முகத்தை வைத்துக்கொண்டான்.

நான் இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தபோது அவன் பள்ளிக்கூடச் சட்டையோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். மதினி என்று கூப்பிட வெட்கப்பட்டு, ரொம்ப நாள் எனக்கு முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமுவான். பிறகு எஞ்சினீயரிங் படித்தான். பெங்களூரில் செல்போன் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆடுகிறவர்களை எப்படி மறுபடி மறுபடி காசு போட வைப்பது என்று யோசிப்பதுதான் அங்கே அவன் வேலை. கொரோனா அடைப்பில் வீட்டுக்கு வந்தவன், கம்பெனி திரும்பக் கூப்பிட்டபோது போகவில்லை. மாடியில் பழைய சாமான் அடைத்திருந்த அறையை ஒழித்து, சொந்தமாக ஒரு கேம் செய்யப்போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டான். மாமாவால், அதாவது என் மாமனாரால், அதைத் தாங்க முடியவில்லை. மாமா எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் போர்மேன். ஆலையை ஆபீஸ் என்றுதான் இந்தப் பக்கம் சொல்வது. வாழ்நாள் முழுக்க வெடிமருந்துக்குப் பக்கத்தில் நின்றவருக்கு, இளைய மகன் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறான் என்பதைச் சொல்லாத நாள் கிடையாது. அந்தப் பேச்சு திடீரென்று அவர் வாயிலிருந்து பிடுங்கப்பட்டுவிட்டது. ஒரே வீட்டில் அப்பாவும் மகனும் பேசாமல் இருந்தார்கள். சாப்பிடக் கூப்பிடுவதைக்கூட அத்தைதான் மேலேயும் கீழேயும் சுமந்தார்.

நான் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் டிசைனர். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள், காலண்டருக்குப் படம், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன். சீசனில் மூச்சுவிட நேரம் இருக்காது. சீசன் முடிந்தால் வேலை ஓய்ந்துவிடும். அப்படி ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அவனும் மொட்டைமாடியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்குப் போய்விடலாம். அன்றைக்கு எல்லா மாடியிலும் துணி காய்ந்தது. பக்கத்து வீட்டில் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சைப் பரப்பி, மேலே கொசுவலை போர்த்தியிருந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மேகம் வந்து, காற்று கிளம்பி, கொசுவலை பறந்து, பஞ்சு தெருவெல்லாம் மிதக்க ஆரம்பித்தது. அவன் சுவர் ஏறிக் குதித்து ஓடினான். நானும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினேன். நாலைந்து வீட்டுத் துணிகளை வாரி எடுத்துக்கொண்டு மழையோடு கீழே இறங்கினால், எங்கள் வீட்டுத் துணி மட்டும் மாடியிலேயே நனைந்துகொண்டிருந்தது. அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு, 'ஊரான் வீட்டுச் சேலையெல்லாம் பத்திரமா இருக்கு. எங்க சேலைய யாருலே எடுப்பா' என்று கேட்டார். தலைமுடியெல்லாம் பஞ்சாக நாங்கள் இருவரும் சுவரில் சாய்ந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவன் சொன்னான்: 'மதினி, இதையே கேமாச் செஞ்சா என்ன?'

அந்த கேம் பிறந்தது இப்படித்தான். வேறு எப்படியும் இல்லை. மேகத்தின் நிழல் ஒரு தெருவின் மாடிகள் மேலே மெதுவாக நகர்ந்து வரும். அது வந்து சேருவதற்குள் ஆடுகிறவர் மாடி மாடியாகத் தாவி, காய்கிறதையெல்லாம் எடுத்து உள்ளே சேர்க்க வேண்டும். யாருடையது எந்த வீட்டுக்கு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதினான். நான் மாடிகளையும் துணிகளையும் மனிதர்களையும் வரைந்தேன். அச்சகம் விட்டு வந்து, அடுப்பு வேலை முடிந்து, ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரை எனக்குக் கிடைக்கும் இடைவெளியில் வேலை நடந்தது. வேலை என்று சொன்னாலும், பாதி நேரம் சின்னச் சின்ன விஷயங்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். ஈரத் துணி காற்றில் எப்படி அசையும், காய்ந்த துணி எப்படி அசையும் என்பதற்காக ஒரு மாதம் போயிருக்கிறது. ஒரு தடவை ஏதோ கணக்கில் தவறி, போர்வை ஒன்று ஆடுகிற ஆளின் முகத்தில் சுற்றிக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. அந்த ஆள் கண் தெரியாமல் மாடி மாடியாக ஓடுகிறான். அத்தை படியேறி வந்து, எதற்கு இந்தச் சிரிப்பு என்று கேட்கும்வரை நாங்கள் நிறுத்தவில்லை. அந்தத் தவறைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டோம். ஆடியவர்களில் பலருக்கு அதுதான் பிடித்தது.

மாமா ஒரே ஒரு முறை அதைப் பார்த்தார். சிறுநீரகம் கெட்டு, ஆபீசை விட்டு நின்று, வீட்டோடு இருந்த சமயம். நான்தான் என் செல்போனில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'துணி எடுக்குறதுக்கு ஒரு கேமா? இதத்தான் ஒங்க அத்தை தெனமும் ஆடுறா' என்றார். சொன்னது கேலியா, பிரியமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. மேலே போய் அவனிடம் சொன்னேன். 'சிரிச்சாகளா?' என்று கேட்டான். சிரிக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அதற்கு அடுத்த கோடையில் மாமா போய்விட்டார். நீண்ட நாள் சர்க்கரை, அதனால் வந்த சிறுநீரகக் கோளாறு, கடைசியில் மதுரையில் ஆஸ்பத்திரி. அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளாமலே அது முடிந்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தவன் அழவில்லை. அத்தை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பன் மேல் அவனுக்குக் கோபம் தீரவில்லை என்று அத்தை முடிவுகட்டிக்கொண்டார். அந்த எண்ணம் அவரை ரொம்ப நாள் தின்றது.

இப்படித் தனியாக உட்கார்ந்து கேம் செய்கிறவர்களைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த படங்களை அவன் எனக்குக் காட்டியிருக்கிறான். எல்லாவற்றிலும் ஒரு இருட்டறை. தாடி வளர்ந்த ஒரு ஆள். பிரிந்துபோன காதலி அல்லது செத்துப்போன யாரோ ஒருவர். பணம் தீர்ந்துபோகும், அவர் தலையைப் பிடித்துக்கொள்வார், கடைசியில் கேம் வெளியாகிற நாள் வரும், கண்ணீர் விடுவார், முடிந்தது. 'மதினி, இவுக யாருமே சாப்பிட மாட்டாகளா?' என்று அவன் ஒருநாள் கேட்டான். அதற்குப் பிறகு நாங்கள் அதைக் கவனித்தே பார்க்க ஆரம்பித்தோம். உண்மையிலேயே யாரும் சாப்பிடவில்லை. யாரும் துணி துவைக்கவில்லை. யார் வீட்டிலும் அம்மா படியேறி வரவில்லை. எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அந்தப் படங்கள் எங்கள் வீட்டுக்கு வரும் என்று அப்போது தெரியாது.

கேம் பாதி முடிந்த நிலையில் அதிலிருந்து ஒரு சின்னத் துண்டை இணையத்தில் போட்டான். அதைப் பார்த்துவிட்டுத்தான் இயக்குநர் சென்னையிலிருந்து போன் செய்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். மரியாதையான பெண். முதல் நாள் எங்கள் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் வரைவதையும் படம் எடுத்தார். பஞ்சு பறந்த கதையை நானும் அவனும் மாற்றி மாற்றிச் சொன்னோம். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாம் நாள்தான் கூடத்தில் மாலை போட்டிருந்த மாமாவின் படத்தைப் பார்த்து, யார் என்று கேட்டார். பட்டாசு ஆபீஸ் போர்மேன் என்று சொன்னதும் அவர் முகத்தில் ஒரு கவனம் வந்தது. 'மழை வந்தா அங்க காய வச்ச பட்டாசையெல்லாம் எடுப்பாங்க இல்ல?' என்றார். 'ஆமா, எல்லாரும் ஓடி ஓடி எடுப்பாக' என்றான் இவன். அந்தப் பதில்தான் அவனைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு எந்தக் கேள்வியும் அங்கேதான் போய் நின்றது. அப்பா மழையில் ஓடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறீர்களா? மேகம் என்றால் உங்களுக்குப் பயமா? துணி என்று நீங்கள் வரைவது உண்மையில் துணிதானா? அவன் ஒவ்வொரு முறையும் நிதானமாக இல்லை என்றான். துணி துணிதான் என்றான்.

ஒரு சாயங்காலம் அவனை வண்டியில் ஏற்றி எம். புதுப்பட்டி ரோட்டுக்குக் கூட்டிப்போனார்கள். நானும் போயிருந்தேன். அங்கே முன்னெப்போதோ வெடித்துத் தரைமட்டமான ஒரு அறையின் சுவர் மட்டும் கரிபிடித்து நின்றது. அது மாமா வேலை பார்த்த ஆபீஸ் இல்லை. யாருடையது என்றே எங்களுக்குத் தெரியாது. 'இங்கன நான் எதுக்கு நிக்கணும்?' என்று அவன் கேட்டான். 'சும்மா நில்லுங்க, வெளிச்சம் நல்லா இருக்கு' என்றார்கள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்தபடி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் நின்றான். சாலையில் போன பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது, 'வந்தவுக கேட்டாக, மறுத்தா நல்லாருக்காதுல்ல' என்று என்னிடம் சொன்னான். வீட்டுக்கு வந்த விருந்தாளி கேட்டதை மறுக்கக் கூடாது என்றுதான் எங்கள் எல்லோருக்கும் பட்டது. என்னையும் கேட்டார்கள். மாடி அறைக்குள் போய் அவனுக்கு டீ கொடுத்துவிட்டு வாங்க அக்கா என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடைசி நாள் மறுபடியும் அந்தக் கருப்புத் துணி, நின்றுபோன மின்விசிறி. மத்தியானச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். 'அப்பா இப்ப இருந்தா, இந்த கேமைப் பார்த்து என்ன சொல்லுவார்?' என்று இயக்குநர் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. அவரும் அடுத்த கேள்விக்குப் போகாமல் காத்திருந்தார். அவன் கண்ணில் நீர் கட்டி, உதடு கோணிக்கொண்டு வந்தது. அது உண்மையான அழுகை. சுடுகாட்டில் வராதது கேமராவுக்கு முன்னால் வந்துவிட்டது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்டால் போதும் என்ற குரலில், 'எல்லாம் எங்கப்பாவுக்காகத்தான்னு வச்சுக்கோங்க' என்றான்.

படம் ஒரு ஓடிடி தளத்தில் வெளியானது. வீட்டில் எல்லோரும் கூடத்தில் டிவியில் பார்த்தோம். ஒரு விஷயத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் படத்தில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. புரோகிராம் ஓடி முடியக் காத்திருக்கும்போது அவன் கட்டைவிரலால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருப்பான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்ததில்லை. கேமரா பார்த்திருந்தது. ஆனால் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக அவர்கள் வைத்திருந்த வரிசை வேறு என்னவோ சொன்னது. வெடிச்சத்தம். கரிபிடித்த சுவரின் முன் அவன். உடனே மாலை போட்ட மாமாவின் படம். மாமா எப்படிச் செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. நான் வரைந்தது வரவில்லை. பஞ்சு வரவில்லை. இருட்டறைக்குள் ஒரு பெண் டீயை வைத்துவிட்டுப் போகிறாள். அந்த முதுகு என்னுடையது. கடைசியில் அவன் அழுதான். 'எல்லாம் எங்கப்பாவுக்காகத்தான்' என்றான். 'வச்சுக்கோங்க' என்பதை வெட்டிவிட்டிருந்தார்கள். நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவன் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, 'ஒனக்குக் கோவம்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். நான் பாவி' என்றார். அவன் அசையாமல் இருந்தான். அந்த நிமிஷத்தில்தான் அவன் வாய்க்குப் பூட்டு விழுந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு நடந்தது எதுவும் அவன் கையில் இல்லை. முன்பெல்லாம் மாடியிலேயே அடைந்து கிடக்கிறானே, மூளைக் கோளாறா என்று கேட்டவர்கள் இப்போது அத்தையிடம் நின்று பேசினார்கள். கேம் வெளியானதும் ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். வாங்கியவர்கள் அழத் தயாராக வந்தார்கள். போர்வை முகத்தில் சுற்றும் இடத்தைப் பற்றி ஒருவர் நீளமாக எழுதியிருந்தார், அது அந்த மகனின் கண்ணை மறைக்கும் துக்கமாம். அவன் அதை எனக்குப் படித்துக் காட்டினான். எப்போதும் போல இருவரும் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. சிரிப்பு வரவில்லை. 'ஒருவேளை அப்படித்தானோ மதினி? எனக்குத்தான் தெரியலையோ?' என்று கேட்டான். அவனுக்கே அவன் செய்த பொருள் மேல் சந்தேகம் வந்துவிட்டதே என்று எனக்குப் பயமாக இருந்தது.

என் கணவர் மாமா இருந்த அதே ஆபீசில் கணக்கு எழுதுகிறார். படம் வந்த சில நாளில் முதலாளி அவரைக் கூப்பிட்டு, கோபப்படாமல் கேட்டாராம்: 'ஒங்கப்பா நம்ம எடத்துலயா செத்தாரு? எங்கிட்டல்லாம் ஆளுக கேக்குறாக.' மாமாவின் ஆஸ்பத்திரிச் செலவில் கைகொடுத்த மனிதர் அவர். என் கணவர் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு தம்பியிடம், 'ஏலே, உள்ளதச் சொல்லிரு. அப்பா சுகர்ல போனாகன்னு ஒரு வீடியோவுல சொல்லிரு. நான் நாளைக்கி அங்கன போயி எந்த மொகத்தோட நிக்கிறது' என்றார். அவன் அன்றைக்கே பேசிப் போட்டான். அப்பா நோயில் இறந்தார், விபத்தில் அல்ல, எந்த ஆலைக்கும் இதில் சம்பந்தமில்லை என்று தெளிவாகச் சொன்னான். கீழே வந்து குவிந்த பதில்கள் என்னவென்றால், முதலாளி மிரட்டிவிட்டார், பாவம் பையன் பயந்துவிட்டான் என்று. உண்மையைச் சொன்னதும் படத்தின் இன்னொரு காட்சி மாதிரி ஆகிவிட்டது. அந்த வீடியோவில்கூட அவன் பாதியைத்தான் சொன்னான். கேம் அப்பாவைப் பற்றியதே இல்லை என்பதைச் சொல்லவில்லை. அவன் பேசும்போது பக்கத்து அறையில் அத்தை இருந்தார்.

மறு வருஷம் இயக்குநர் வேறு வேலையாக மதுரைக்கு வந்தவர், எங்களைப் பார்க்க வந்தார். அவன் ஊரில் இல்லை. நான் கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டேன். அவர் எதையும் மறுக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, படத்தில் சேராத பகுதி ஒன்றைக் காட்டினார். நானும் அவனும் பஞ்சுக் கதையைச் சொல்கிறோம். பிறகு ஒரு மேக நிழலின் வேகத்தைப் பற்றி வாதாடுகிறோம், சிரிக்கிறோம், மறுபடி வேலை செய்கிறோம். நீண்ட நேரம் வேறொன்றும் நடக்கவில்லை. 'எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான் அக்கா' என்றார். 'தளத்துக்காரங்க பார்த்துட்டு, இதுல பிரச்சினை எங்க இருக்குன்னு கேட்டாங்க. ரெண்டு பேர் சந்தோஷமா வேலை செய்றதை யார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பாங்க?' நான், 'எங்க அத்தை வருஷக்கணக்கா பாத்தாகளே' என்றேன். அவர் சிரிக்க முயன்றார். கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது. அந்தப் படத்தை முடிக்கத் தூங்காமல் இருந்ததையும், எடிட்டிங் அறையிலேயே வாரக்கணக்கில் கிடந்ததையும், வீட்டில் யாரோடும் பேச்சு இல்லாமல் போனதையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று புரிந்தது. எங்கள் மாடியில் கருப்புத் துணி கட்டி இவர் எடுத்தது இவருடைய ராத்திரியை. படைக்கிற வேலை என்றால் இவருக்கு அதுதான் தெரியும். தெரிந்ததை அவன் மேல் போர்த்திவிட்டார். கோபப்படத்தான் உட்கார்ந்திருந்தேன். இரக்கமாகிவிட்டது. அதை மாற்ற முடியாதா என்று மட்டும் கேட்டேன். 'கொடுத்தாச்சு அக்கா. இப்ப அது என்னோடது இல்ல' என்றார்.

நேர்மையான படமா என்று என்னைக் கேட்டால் எனக்கு இன்றுவரை ஒரே பதிலாகச் சொல்ல வரவில்லை. துன்பத்திலிருந்துதான் எல்லாம் பிறக்கிறது என்று நம்ப ஆசைப்படுகிறவர்களுக்கு அது நேர்மையான படம். ஒரு மத்தியானச் சிரிப்பிலிருந்து ஒரு பொருள் பிறக்கலாம், அதன் பின்னால் யாரும் செத்திருக்க வேண்டியதில்லை என்பதை அவர்களால் நம்ப முடிவதில்லை. பாராட்டு என்று நினைத்துத்தான் காரணத்தைத் தேடுகிறார்கள். ஆனால் ஒருவன் செய்ததற்கு வெளியிலிருந்து ஒரு காரணத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டால், அடுத்து அவன் எதைச் செய்யப் போனாலும் அந்தக் காரணம் முன்னால் வந்து நிற்கும். அதை நான் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் விருதுநகரில் ஒரு கல்லூரியில் அவனைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அத்தையும் வருவேன் என்றார். நான் துணைக்குப் போனேன். முன்வரிசையில் அத்தைக்கு நாற்காலி போட்டார்கள். முதலில் அந்தப் படத்தின் கடைசிப் பகுதியைத் திரையில் காட்டினார்கள். விளக்கு எரிந்ததும் ஒரு மாணவி எழுந்து, 'சார், உங்க அப்பா இறக்கலைன்னா இந்த கேமைச் செஞ்சிருப்பீங்களா?' என்று கேட்டாள். கேம் தொடங்கியபோது மாமா கீழே கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், யோசித்தால் அத்தைக்கும் தெரியும். அவன் மைக்கைப் பிடித்தபடி முன்வரிசையைப் பார்த்தான். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது. 'செஞ்சிருக்க மாட்டேன்' என்றான். கைதட்டல் ஓய நேரம் ஆனது.

திரும்பும்போது சாயங்கால பஸ்ஸில் கூட்டமில்லை. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். அவர் மடியில் கல்லூரியில் போர்த்திய சால்வை இருந்தது. அவன் எனக்குப் பின்னால் இருந்த இருக்கையிலிருந்து முன்னால் குனிந்து, மெதுவாகப் பேசினான்.

'மதினி, புதுசா ஒண்ணு ஆரம்பிச்சேன்ல, அந்த பஸ் ஸ்டாண்டு.'

'ஆமா. நான் வரைஞ்சு குடுத்தேன்ல.'

'ஒருத்தருமே இல்லாத பஸ் ஸ்டாண்டா இருக்கட்டும்னு நெனச்சேன். எம்புட்டு அழிச்சாலும் அங்கன அப்பா நிக்கிற மாதிரியே இருக்கு.'

'நிக்கட்டுமே தம்பி. அப்பாதான.'

'சும்மா நின்னாப் பரவாயில்ல. என்னையவே பாக்குறாரு. ஏன்டா, எனக்காகச் செய்யின்னு நான் எப்ப கேட்டேன்னு கேக்குற மாதிரி.'

உள்ளதைப் போட்டு உடைத்துவிடு, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு என்று சொல்ல வாய் வரை வந்தது. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கும் அத்தையைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது. மாமா போனதிலிருந்து இப்படிக் கவலையில்லாமல் அவர் தூங்கியதை நான் இந்தப் படம் வந்த பிறகுதான் பார்க்கிறேன். அவனும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருத்தங்கல் ஸ்டாப்பில் பஸ் நின்றதும் அத்தை விழித்துக்கொண்டார். சால்வையை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து எழுந்து, தூக்கம் கலையாத குரலில் மகனிடம் கேட்டார். 'ஏலே, அடுத்தாப்புல செய்றதும் அப்பாவுக்குத்தான?'

'ஆமாம்மா' என்று சொல்லிவிட்டு, அவன் முதலில் இறங்கி அத்தைக்குக் கை கொடுத்தான்.